எஸ்தர் அக்கா சொன்ன பொய்

செவ்வாய்க்கிழமை காலை, ராஜா அண்ணாமலைபுரத்தில் என் ஜெராக்ஸ் கடையில் யாருடைய ரேஷன் அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எஸ்தர் அக்காவின் மகள் ஸ்டெல்லா. "மாமா, அம்மா பூட்டாங்க" என்றாள். எதிரே நின்றவர் இன்னும் இரண்டு காப்பி கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அக்காவைப் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவராகச் சிலருக்குத் தெரியும். எங்கள் சின்னக் கட்சியின் தலைவர் பதவிக்கு நின்று தோற்றவராக வேறு சிலருக்குத் தெரியும். இந்த இரண்டாவது வகையினருக்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

ஆனாலும் மீனிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மாள் அவர் கூடையிலிருந்த வஞ்சிரத்துக்கு விலை கேட்டார். "அது நேத்து மீன்மா. இன்னிக்கு வந்தது சங்கரா கீது, அத்த எடுத்துக்க" என்றார் அக்கா. அந்த அம்மாள் பக்கத்துக் கூடைக்குப் போய் வஞ்சிரமே வாங்கினார். அதுவும் நேற்றைய மீன்தான். "பிழைக்கத் தெரியாதவங்கக்கா நீங்க" என்றேன். "துன்றவன் வயிறு நைனா. சொல்லித்தான் ஆவணும்" என்றார்.

கட்சியிலும் அவர் அப்படித்தான். பன்னிரண்டு வருடம் தனியாக நின்று, நின்ற இடமெல்லாம் டெபாசிட்டைப் பறிகொடுத்தோம். பழைய தலைவர் உடல்நலமில்லாமல் விலகியதும், புதியவரை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. கோபாலபுரத்து வக்கீல் சிவராமன் நின்றார். பெரிய கட்சியோடு கூட்டணி வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். "கொள்கைய வெச்சுக்கிட்டு ஒரு தெருக்குழாய் போட முடியுமா?" என்று கேட்டார். எதிர்த்து நின்றது அக்கா. "பன்னெண்டு வருசமா அவன திருடன்னு கூவினு கீறோம். இப்ப அவன் வூட்டுப் பந்தியில போய்க் குந்தச் சொல்றியா?" என்றார். கூட்டம் கைதட்டியது. அக்காவின் மனுவில் முன்மொழிபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான். அவர் கேட்கக்கூட இல்லை, நானாகவே பேனாவை எடுத்தேன்.

ஓட்டுப் போடும் நாளில் எனக்கு என்ன ஆனது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யாரும் எதையும் தருவதாகச் சொல்லவில்லை. தோற்றுத் தோற்று அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். சாவதற்குள் ஒருமுறையாவது ஜெயித்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. சிவராமனுக்குக் குத்தினேன். இத்தனை ஓட்டில் என் ஒரு ஓட்டு யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

எங்கள் கட்சியில் ஒவ்வொரு கிளையின் பெட்டியையும் தனித்தனியாக எண்ணி மைக்கில் படிக்கும் வழக்கம் உண்டு. வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய அந்த வழக்கம் அன்றைக்கு எனக்கு மறந்தே போயிருந்தது. மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். மூன்றாவதாக எங்கள் பெட்டி. "ராஜா அண்ணாமலைபுரம் கிளை. சிவராமன் பதினான்கு. எஸ்தர் பூஜ்யம்." கிளையின் மொத்தப் பதினான்கு பேரில் நானும் ஒருவன் என்பது மண்டபத்துக்கே தெரியும். "முன்மொழிஞ்சவரே போடலியாப்பா!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா எழுந்தார். "இன்னாத்துக்கு சிரிப்பு? நாந்தான் சொன்னேன். உன் கிளை மொத்தமும் கூட்டணி கேக்குது, நீ ஒருத்தன் தனியா நின்னு கிளைய ஒடைக்காத, அவங்களோடவே போடுன்னு நாந்தான் சொன்னேன்" என்றார். சிரிப்பு நின்றது.

அப்படி எதுவும் அவர் என்னிடம் சொல்லவில்லை.

வெளியே வந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "தல வலிக்குது, டீ சாப்ட்லாம் வா" என்று இழுத்துக்கொண்டு போனார். மாதக்கணக்கு கழித்துத்தான் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க முடிந்தது. "மீன் கெட்டுப்போனா சொல்லித்தான் ஆவணும். மனுசன் ஒரு நாள் சறுக்கினா அத்தயுமா கூவினு திரியணும்?" என்றார்.

சிவராமன் ஜெயித்தார். கூட்டணியில் எங்களுக்கு ஒரு வார்டு கிடைத்தது, அதிலும் ஜெயித்தோம். அக்காவின் தெருவுக்குக் குழாய் வந்தது. "தண்ணி நல்லாத்தான் கீது, நான் இல்லேங்கல" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டே சொன்னார். ஆனால் அவரை நம்பி ஓட்டுப் போட்டவர்கள் அவரிடமிருந்து விலகினார்கள். மேடையில் ஒன்று பேசிவிட்டு, உள்ளுக்குள் கூட்டணிக்கே ஓட்டுப் போடச் சொன்னவர் என்றார்கள். அக்கா மறுக்கவில்லை. மறுக்க வேண்டியவன் நான். நானும் வாயைத் திறக்கவில்லை.

அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் இரண்டு பழைய தோழர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "நல்ல பொம்பளதான். கடசீல வெல போயிட்டாங்க." நான் பக்கத்திலேயே நின்றேன். அப்போதும் பேசவில்லை. பெட்டியை இறக்கும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தோழர்களே, அக்கா யாரிடமும் விலை போகவில்லை. அந்த ஓட்டு நானாகப் போட்டது. கொள்கைக்காகப் பதவியை இழந்த அந்த மனுஷி, எனக்காகத் தன் பெயரையும் விட்டார். அந்தப் பெயரை இன்று உங்கள் முன்னால் அவரிடமே திருப்பிக் கொடுக்கிறேன், உயிரோடு இருந்தபோது கொடுக்காத வெட்கத்தோடு. அவர் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அது எனக்காகச் சொன்னது.