நான் காய்ச்சிய நானூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்

இணைய விளையாட்டில் மருந்து காய்ச்சி விற்பது, உட்கார்ந்த இடத்திலேயே நட்டப்படும் தொழில். அதில் லாபம் உண்டு என்பதை நான் நேரில் கண்டதில்லை. என் கல்லூரித் தோழி இசக்கியின் அண்ணன் சுடலை சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னது. குற்றாலத்துக்காரர் ஒருவர் ஒரே சீசனில் மருந்து விற்றுப் பறக்கும் குதிரை வாங்கினாராம்.

குதிரையும் விளையாட்டுக்குள்தான், காசும் விளையாட்டுக் காசுதான். ஆனால் குதிரை இல்லாமல் பனிமலைக்குப் போக முடியாது. இசக்கியும் சுடலை அண்ணனும் ஆளுக்கொரு குதிரை வைத்திருந்தார்கள். நான் வாங்காவிட்டால் என்னை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த எனக்கு, அந்த நாட்களில் 'எங்கே காணோம்?' என்று கேட்டவர்கள் அவர்கள் இருவர்தான். விளையாட்டில் வாள் அடித்தும் தோல் தைத்தும் விற்று நொந்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

பறித்தது சும்மாவா

ஒரு குப்பிக்கு மூன்று மூலிகை வேண்டும். நானே காட்டில் பறிப்பதால் அவற்றுக்குச் செலவில்லை என்று நினைத்து, குப்பியை ஒன்பது காசுக்கு விற்றேன். வருவதெல்லாம் லாபம் என்று இசக்கியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் சந்தைப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். மூலிகையை அப்படியே விற்றால் ஒன்று நான்கு காசு. பன்னிரண்டு காசுச் சரக்கைக் காய்ச்சி ஒன்பதாக்கியிருக்கிறேன். வடகரையில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு உண்டு. இசக்கி சொன்னாள்: "எங்கப்பா தேங்காய சும்மா குடுத்துட்டு, சிரட்டைய மட்டும் விக்க மாதிரில்லா இருக்குட்டி."

சனிக்கிழமைச் சரக்கு

அன்றே மூலிகை விற்கப் போயிருக்கலாம். ஆனால் விளையாட்டில் என் பெயருக்கு மேல் 'மருந்தாளர்' என்று மின்னியது. அதை விட மனம் வரவில்லை. சனிக்கிழமை கூட்டம் வருமென்று வாரம் முழுக்கக் காய்ச்சிச் சேர்த்தேன். எல்லோரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். ஒன்பது காசுக் குப்பி நான்குக்கு வந்தது.

சுடலை அண்ணன் பாவூர்சத்திரம் சந்தைக்கு டெம்போ ஓட்டுகிறார். லோடுக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் விளையாடுவார். என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்கன தக்காளி கூடிப்போச்சுன்னா வந்த வண்டிலயே திரும்பிப் போகும்மா. ஒனக்கு டீசல் காசாவது மிச்சம்லா."

ஓநாயும் பேரமும்

ஒருவர் ஓநாயோடு சண்டை போட்டுக்கொண்டே எனக்குச் செய்தி அனுப்பினார். மூன்று குப்பி வாங்கினால் ஒன்று சும்மா வேண்டுமாம். முடியாது என்றேன். அரைக் குப்பியாவது சேர்த்துக் கொடு என்றார். விளையாட்டில் அரைக் குப்பி கிடையாது என்று விளக்கமாக எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: "செத்துட்டேன். இனி மருந்து வேண்டாம்."

பேரம் பேசாதவர்

அதன் பிறகுதான் 'அருவிக்கரை' என்ற பெயரில் ஒருவர் வாங்கத் தொடங்கினார். விலை நான்குக்கு விழுந்த நாளிலும் நான் போட்ட ஒன்பதைக் கொடுத்தார். வேலைக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று என்று பதில் வந்த நாட்களிலும் என் குப்பிகள் விற்றுத் தீர்ந்தன. ஒரு பொருளைச் செய்தால் வாங்க ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அடுத்த விண்ணப்பத்தையும் எழுதினேன்.

மூன்று மாதத்தில் குதிரை வாங்கினேன். மூவரும் பனிமலைக்குப் பறந்தோம். அருவிக்கரைக்கு நீளமாக நன்றி எழுதினேன். அவர் பதில்: "மருந்து நல்லாருக்கு."

மெயினருவியில் இரண்டு போன்

சீசனில் மூவரும் குற்றாலம் போனோம். ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வரும் என்று நான் குளிக்கவில்லை. அண்ணனும் தங்கையும் தங்கள் போன்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இசக்கியுடையதைப் பையில் வைத்தேன். அண்ணனுடையது மடியில் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று என் போனில் ஐந்து குப்பியை விற்பனைக்குப் போட்டேன். மடியில் இருந்த போன் ஒளிர்ந்தது: 'அருவிக்கரை அவர்களே, வடகரை மருந்துக்கடையில் புதிய சரக்கு.' அந்தக் கடை என்னுடையது.

போனைத் திறக்கவில்லை. துண்டால் தலையைத் துவட்டியபடி வந்தவரிடமே கேட்டேன். துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"குதிரைக் கதையச் சொன்னவன் நான்லா. நீ நம்பி எறங்கிட்ட."

"அவ்வளவு காசு ஏதுண்ணே?"

"லோடு ஏத்துத நேரத்துல மூலிகை பறிச்சு வித்தேம்மா."

இந்தத் தொழிலில் லாபம் உண்டா என்று கேட்டால், கதை சொன்னவருக்கு மனச்சாட்சி இருந்தால் உண்டு என்பேன். அங்கேயே அவர் போனில் விளையாட்டுப் பையைத் திறக்கச் சொல்லி எண்ணிச் சரிபார்த்தேன்: நானூற்றுப் பன்னிரண்டு குப்பி, ஒன்றின் மூடிகூடத் திறக்கவில்லை.