மேஸ்திரி அக்கா வீட்டுப் பெரியவர்

ஆணி வாங்கும்போது அது எங்கே பிறந்தது என்று நம்மில் யாராவது யோசிக்கிறோமா? சுவரில் அடிக்கிறோம், கோணலாகப் போனால் நம் கையை விட்டுவிட்டு ஆணியைத் திட்டுகிறோம். அது பிறக்கிற இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்கள் அப்புறம் ஆணியைத் திட்டமாட்டார்கள். இருபத்திரண்டு மெஷின்கள். ஒவ்வொன்றும் கம்பியை இழுத்து, நறுக்கி, தலையைத் தட்டி, நிமிடத்துக்கு முந்நூறு ஆணியைத் தட்டில் துப்பும். பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் அங்கே பேச்சு முழுக்கக் கையால்தான்.

அந்த இருபத்திரண்டுக்கும் மேஸ்திரி ஒரு பெண். பதினெட்டு வருஷ சர்வீஸ். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் மேஸ்திரி அக்காதான். அக்கா உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் மெஷினை நிறுத்த வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு விரலை மடக்கினால் இங்கே வா என்று அர்த்தம். ஓடுகிற மெஷின் மேல் கையை வைத்தால் போதும், வெட்டுக்கத்தி மழுங்கிவிட்டதா, உள்ளே ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். புதிதாக வந்த இன்ஜினியர் ஒருவர் என்னென்னவோ கருவியெல்லாம் வைத்துப் பார்த்து, அரை மணி நேரம் கழித்து, அக்கா சொன்னதையே சொன்னார். அக்கா அவரைப் பார்த்து ஒரு நமட்டுச் சிரிப்புகூடச் சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையெல்லாம் எனக்கு வராது.

இப்போது ஒரு ரகசியம். அக்காவுக்குக் காது கேட்காது. சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. எதிரில் நின்று பேசினால் பாதி காதிலும் மீதி உதட்டிலுமாகப் பிடித்துக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் பேசினால் சுவரோடு பேசுகிற மாதிரிதான். ஏழெட்டு வருஷமாகவே இப்படி. ஆரம்ப காலத்தில் காதில் பஞ்சு வைக்கக்கூட யாரும் சொல்லவில்லை, எல்லோரும் அப்படியே வேலை செய்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் மெஷின் பக்கமிருந்து தூக்கி பேக்கிங் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அக்காவுக்குப் பயம். பேக்கிங் கேவலமான வேலை இல்லைதான். ஆனால் இருபத்திரண்டு மெஷினை ஒற்றைக் கையசைப்பில் நிறுத்துகிறவரை உட்கார வைத்து டப்பாவுக்கு லேபிள் ஒட்டச் சொன்னால் எப்படி இருக்கும்?

வெளியூரில் படிக்கிற ஒரே மகளிடம் வீடியோவில்தான் பேசுவார். முகத்தைப் பார்க்காமல் பேச முடியாது என்று அம்மா சொல்வதைப் பாசம் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டிய கணவரிடம்கூட அக்கா சொல்லவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. அவர் பஸ் டிப்போ எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர், ஆனால் ஓட்டை வாய். அவரிடம் காலையில் ஒரு விஷயத்தைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் நூறு காப்பி போய்விடும்.

பாவம், அவருக்கும் ஒரு குறை இருந்தது. தான் பேசினால் வீட்டில் மதிப்பே இல்லை என்பதுதான் அது. சமையலறை வாசலில் நின்று கடையில் நடந்த கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்வார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "மகாராணி காதுல நம்ம பேச்செல்லாம் எங்க விழப்போகுது" என்று முனகிக்கொண்டே போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்த முனகலும் மகாராணி காதில் விழாது.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் நாய் வந்தது.

கம்பிச் சுருள் ஏற்றி வரும் லாரி டிரைவர் ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி கேட்டில் ஒரு நாயைக் கட்டிவிட்டு உள்ளே வந்தார். பழுப்பு நிறம், நல்ல உயரம், மோவாயெல்லாம் நரைத்திருந்தது. எட்டு வயது என்றார். அவருடைய அப்பா வளர்த்த நாய். அப்பா இறந்துபோனார், டிரைவர் மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருக்கிறவர், வீட்டில் மனைவியும் பச்சைக் குழந்தையும். தெரிந்தவர்கள் வீடு இரண்டில் விட்டுப் பார்த்தார். இரண்டு பேருமே ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். திமிர் பிடித்த நாய், கூப்பிட்டால் வராது, சொன்னால் கேட்காது என்று இரண்டு வீட்டிலும் ஒரே புகார். நாளைக்கு நகராட்சிக் காப்பகத்தில் விடப்போகிறேன், ஆனால் கிழட்டு நாயை அங்கே யார் வந்து எடுக்கப்போகிறார்கள், கூண்டுக்குள்ளேயே அதன் காலம் முடிந்துவிடும் என்று டிரைவர் வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷிப்ட் முடிந்து அக்கா கேட்டுக்கு வருகிறார். அந்த நேரம் பார்த்து நாய் கயிற்றை உருவிக்கொண்டு, உள்ளே நுழைகிற இன்னொரு லாரியை நோக்கி ஓடுகிறது. வாட்ச்மேன் விசில் ஊதுகிறார், டிரைவர் தொண்டை கிழியக் கத்துகிறார், நாய் சட்டை செய்யவில்லை. எதிரில் வந்த அக்காவுக்கு யோசிக்க நேரமில்லை. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக எழுந்தது. உள்ளங்கை: நிறுத்து. நாய் பிரேக் போட்ட மாதிரி நின்று, அப்படியே உட்கார்ந்துவிட்டது. அக்கா இரண்டு விரலை மடக்கினார். எழுந்து வந்து அவர் செருப்புப் பக்கத்தில் நின்றது.

டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அக்காவுக்கு நாய் மேல் தனிப் பிரியம் எதுவும் அன்றுவரை கிடையாது. ஆனால் சொன்ன உடனே நிற்கிற ஆள் அவருக்குக் கம்பெனியிலேயே நாலைந்து பேர்தான். இப்படிப்பட்டவனைக் கூண்டில் போடுவதா என்று நினைத்தார். கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார். வீட்டில் கேட்க வேண்டாமா என்று டிரைவர் கேட்டதற்கு, கேட்டால் வேண்டாம் என்பார்கள், அதனால் கேட்கப்போவதில்லை என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தன்னைக் கேட்காமல் ஒரு ஸ்டூல்கூட இந்த வீட்டுக்கு வந்ததில்லை, இப்போது நாலு கால் ஜீவனே வந்துவிட்டதே என்று குதித்தார். கடைசியில் ஒரு மாதம் தவணை கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் நாய் தன் பேச்சையும் கேட்டால் இருக்கலாம். இல்லையென்றால் காப்பகம்தான். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், ஒருவர் சொல்லை மட்டும் கேட்கிற நாயை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்றார். நியாயம்தானே. அக்காவும் ஒத்துக்கொண்டார்.

நாய் நடந்துகொண்ட தோரணையைப் பார்த்து வீட்டுக்காரரே கிண்டலாகப் பெரியவர் என்று பேர் வைத்தார். பெரியவர் எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டார். காலிங் பெல் அடித்தால் வீட்டுக்காரர்தான் எழுந்து போக வேண்டும். அக்காவும் அசையமாட்டார், பெரியவரும் அசையமாட்டார். "வா", "உக்காரு", "டேய்", "ஐயா சாமி" என்று இவர் எல்லா ஸ்தாயியிலும் கூப்பிட்டுப் பார்த்தார். பிஸ்கட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு கொஞ்சினார். பெரியவர் கண் அக்காவின் கையை விட்டு நகராது. உள்ளங்கை தூக்கினால் உட்காருவார், கவிழ்த்தால் படுப்பார். டிரைவரின் இறந்துபோன அப்பா வாயாலும் கையாலும் சேர்த்துப் பழக்கியிருக்கிறார். வயதாக ஆக வாய்ப்பேச்சு நாய்க்குப் போய்விட்டது, கைப்பேச்சு மிஞ்சியிருந்தது. இது அவர் பிள்ளைக்கே தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. கையால் சொல்வது, கண்ணால் பார்த்துக் கேட்பது, இதுதானே உலக வழக்கம் என்று இருந்தவருக்கு அதில் வித்தியாசமாக என்ன தெரியப்போகிறது? கம்பெனியில், எங்கள் வீட்டுப் பெரியவர் தங்கம், திருப்பிவிட்டவர்களுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வீட்டுக்காரர் பெரியவரை டிப்போ பின்னால் இருக்கிற காலி இடத்துக்குக் கூட்டிப்போனார். தவணை முடிய இரண்டே நாள், இன்றைக்கு ஒரு தடவையாவது தன் பேச்சைக் கேட்க வைத்துவிட வேண்டும் என்ற வீம்பில் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஆமாம், அவருக்கும் உள்ளுக்குள் அது போகக் கூடாது என்றுதான் இருந்தது. வாய்விட்டுச் சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.

பெரியவர் மோப்பம் பிடித்துக்கொண்டே போய் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றார். பஸ் ரிவர்ஸ் எடுத்தது. கண்டக்டர் விசில், டிரைவர் ஹாரன், வீட்டுக்காரரின் அலறல் எல்லாம் சேர்ந்து அந்தப் பக்கத்துக் காக்கைகளே பறந்தன. பெரியவரின் காதுமடல்கூட ஆடவில்லை. வீட்டுக்காரர் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்து நாயைக் கட்டிப் புரண்டார். சட்டை கிழிந்தது, முழங்கை தோல் உரிந்தது. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

வீட்டுக்கு வந்ததும், படுத்திருந்த பெரியவருக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைத் தூக்கித் தரையில் போட்டார். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. பெரியவர் அசையவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற அக்காவும் அசையவில்லை. மனிதர் நாயை மட்டும்தான் கவனித்தார். அக்காவின் தோளைத் தொட்டுத் திருப்பி, நடந்ததையெல்லாம் சொன்னார்.

அக்கா நாயைப் பார்த்தார். ஒரு மாதமாகத் தான் பெருமை அடித்துக்கொண்ட அத்தனையும் அவருக்குள் கரைந்து ஓடியது. தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது, பாசமாகவும் இருந்தது.

வீட்டுக்காரர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாகிவிட்டது. இவ்வளவு நாள் திமிர் என்று நினைத்தோமே, பாவம், அதற்குக் கேட்கவே இல்லை என்றார். பிறகு சொன்னார்: "காப்பகத்துலயே விட்டுடலாம். காது கேக்காம இந்த ரோட்டுல அது எப்படிப் பிழைக்கும்? ஒரு நாள் நம்ம கண்ணு முன்னாடியே அடிபட்டுச் செத்துப்போகும். கூண்டா இருந்தாலும் அங்க உயிரோட இருக்கும்."

கோபத்துக்குப் பதில் சொல்லலாம், பயத்துக்கு என்ன சொல்வது? அக்காவிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னால் நாளைக் காலை ஜெராக்ஸ் கடையில் தொடங்கி மத்தியானத்துக்குள் கம்பெனி மேனேஜர் வரைக்கும் போய்விடும். இருபத்திரண்டு மெஷினும் போகும், மேஸ்திரி என்கிற பேரும் போகும். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு நேராக வந்து நின்றார்.

"பதினெட்டு வருஷமா அதே ரோட்டைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போறேன். எனக்கும் கேக்காதுங்க. ஏழெட்டு வருஷமா கேக்கல. கண்ணால பாத்துப் பாத்துத்தான் இருக்கேன், உயிரோடதான் இருக்கேன். அதைக் கொண்டுபோய் விடறதா இருந்தா என்னையும் சேத்து விட்டுடுங்க."

சமையலறை வாசலில் நின்று சொன்ன கதைகள், மகாராணி என்ற குத்தல், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்த நாட்கள் எல்லாம் வரிசையாக வந்து வீட்டுக்காரர் முன்னால் நின்றிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் அக்கா வேலைக்குப் போனார். எந்த நேரத்திலும் ஆபீஸுக்குக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் கழித்தும் வாட்ச்மேன் எப்போதும் போலத்தான் சிரித்தார். ஊருக்கே காப்பி போட்டுக் கொடுக்கிற மனிதர் இந்த ஒரு தாளை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டுவிட்டார். அப்புறம் அக்கா தானே மேனேஜரிடம் போய், அடுத்த வருஷமாவது புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நல்ல காதடைப்பான் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். ஏன் என்று கேட்டபோது காரணத்தையும் சொன்னார். மேனேஜர், மெஷின் மேல் கை வைத்துச் சொல்ல வேறு ஆள் இருக்கிறாரா என்று அவரையே திருப்பிக் கேட்டார். இல்லை என்றார் அக்கா. பேச்சு அதோடு முடிந்தது.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வீட்டுக்காரர், அக்கா எதிரில் வந்து உட்கார்ந்து, உங்கள் கம்பெனிப் பாஷையை எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டார். நிறுத்து, வா, மெதுவாக என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கடைசியில் மன்னிப்புக் கேட்பதற்கு என்ன சைகை என்றார். அப்படி ஒன்று அங்கே கிடையாது, யாருக்கு அதற்கெல்லாம் நேரம் என்றார் அக்கா. ஆனால் தன் மெஷினில் ஆணி கெட்டுப்போனால், தப்பு என்னுடையது என்று சொல்ல ஒன்று உண்டு: நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும்.

வீட்டுக்காரர் தோல் உரிந்த கையாலேயே நெஞ்சில் தட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து அக்காவிடம் காட்டினார். கவிழ்ந்த கையைப் பார்த்த பெரியவர், தனக்குத்தான் சொல்கிறார் என்று எண்ணி, அவர் காலடியில் வந்து படுத்துக்கொண்டார்.