பள்ளிக்கூடம் இல்லாத ஊர்

மார்க்கம் நகரத்தில் என் ஆட்கள் கூரை போட்ட வீடுகளை எண்ணிச் சொல்ல எனக்கே நேரம் கிடையாது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பட்டம் படித்தவர்கள் என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். ஆனால் நான் முதலில் பார்த்த உத்தியோகம் கூரை வேலை அல்ல. மொழிபெயர்ப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டோர்செட் பார்க் பகுதியில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். அப்பா ஒரு இத்தாலியக்காரரின் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். கனடாவுக்கு வந்து இரண்டு வருடமாகியும் ஆங்கிலம் அவரோடு ஒட்டவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. கடிதம், தொலைபேசி, கதவைத் தட்டுகிறவர், எல்லாம் என் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். அந்த அதிகாரத்தின் ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது.

எங்கள் வகுப்பு ரீச்சர் இத்தாலியில் பிறந்தவர். தன் நாட்டுக் கதை ஒன்றை வாசித்துக் காட்டினார். அதில் ஒரு ஊர். பள்ளிக்கூடம் இல்லை, புத்தகம் இல்லை, விடிந்தால் பொழுதுபட்டால் விளையாட்டுத்தான். அங்கே போன பொடியன்கள் சில மாதத்தில் காது நீண்டு, கழுதையாகி, சந்தையில் விலைபோவார்கள். மற்றப் பிள்ளைகள் அது கற்பனை ஊர் என்றார்கள். எனக்கு வழியே தெரியும். இரண்டு பஸ் தரிப்பு தள்ளி ஒரு பிளாசாவில் இருந்த வீடியோ கேம் கடைதான் அது. பாதி நாள் நான் அங்கேதான் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தால் எடுப்பவனும் நானே.

"என்னவாம்?" என்று அம்மா கேட்பார்.

"நாளைக்குக் குளிராம். தொப்பி போட்டு விடட்டாம்."

வீட்டுக்கு அனுப்பும் கடிதங்கள் என் கையில் தொலைவதைக் கண்ட ரீச்சர், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அப்பாவை வரவழைத்துவிட்டார். அப்பா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கழுத்தில் ரை கட்டி வந்தார். கதிரையைக் காட்டியும் அதில் இருக்கவில்லை, நின்றார். வாத்தியார் முன்னால் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. ரீச்சர் நான் வராத நாட்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். "கெட்டிக்காரனாம்" என்றேன் அப்பாவுக்கு. இப்படியே போனால் வகுப்பேற்ற முடியாது என்றார். "வகுப்பிலை நான்தான் முதலாமாம்" என்றேன். அப்பா சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். ரீச்சர் திகைத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வைத்துக் காது மாதிரி ஆட்டி, என்னைச் சுட்டிக் காட்டினார்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. "என்னடா, கழுதை எண்டோ காட்டுறா?"

"ஓம் அப்பா. நாடகம் போடினமாம். நான்தான் கழுதை."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "கழுதைக்கு வசனம் இருக்கோ?"

"நிறைய."

அவர் அங்கிருந்தே வேலைக்குப் போய்விட்டார். தப்பினேன் என்று இருந்தேன். மறுநாள் பின்னேரம் லிஃப்டில் நாலாம் மாடி அன்ரி, "தம்பி, நீயோ கழுதை? கொப்பர் வீடு வீடாச் சொல்லித் திரியிறார்" என்றார். நாடகம் பார்க்க அப்பா வேலையில் லீவும் கேட்டுவிட்டார். கனடாவில் அவர் கேட்ட முதல் லீவு. நாடகம் இல்லையென்றால் பொய் வெளிக்கும். என் உத்தியோகம் போய்விடும். அதைவிட, அந்தக் கட்டடமே அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும்.

ரீச்சரிடம் போய், எப்படியாவது ஒரு நாடகம் போடவேண்டும் என்று கெஞ்சினேன். நடந்ததில் பாதியைச் சொன்னேன், மீதியை அவரே பிடித்துக்கொண்டார். ஒரு கடதாசியை எடுத்து வைத்தார். நான் வரும் ஒவ்வொரு நாளும் கழுதைக்கு ஒரு வரி எழுதுவாராம். வராத நாள் ஒரு வரியை வெட்டுவாராம்.

மார்கழி வரை ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலோடும் போனேன். கடைசியில் அந்த நாடகத்தில் கழுதையைத் தவிர வேறு யாருக்கும் வாய் திறக்க இடமில்லை. அவ்வளவு ஆங்கிலத்தையும் மூச்சுவிடாமல் பேசக்கூடிய பொடியன் எங்கள் கட்டடத்தில் அன்று நான் ஒருவன்தான். கல்யாணவீடு, சாமத்தியவீடுகளுக்குப் படம் எடுக்கும் வீடியோ அண்ணையை அப்பா பெரிய லைற்றோடு கூட்டிவந்து முன்வரிசையில் நிறுத்திவிட்டார். கடதாசிக் காது ஒரு பக்கம் தொங்க, நான் முழங்கினேன். இரண்டு பெரிய ஆட்களை ஒரே நேரத்தில் ஏமாற்றியவன் என்று வெகுகாலம் என்னை மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

மார்க்கத்தில் சொந்த வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று, அப்பா கோப்பை கழுவிய அந்தச் சாப்பாட்டுக்கடையின் வயதான இத்தாலியச் சமையல்காரர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். என் காதைப் பிடித்து, "நீதானே அந்தக் கழுதை?" என்றார் ஆங்கிலத்தில். ரீச்சரைப் பார்த்த அன்று அப்பா ரையோடே குசினிக்குள் வந்து, தலைக்கு மேல் கைகளை வைத்துக் காட்டி, ரீச்சரும் உங்கள் நாட்டவர்தானே, உங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாராம். ஊரும் விளையாட்டும் காதும் சந்தையுமாக முழுக் கதையையும், பாதி சொல்லிலும் பாதி கையாலும், அப்பாவுக்கு விளங்கும்வரை மூன்று தரம் சொன்னாராம். அப்பா வீடு வீடாகச் சொல்லித் திரிந்தது அதற்குப் பிறகுதான். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா என் வீட்டு முகட்டில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பவர் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த வீடியோவைத் தேடிப் போட்டேன். பள்ளிக்கூடம் போகாததால் என் காது நீண்டது என்று நான் ஆங்கிலத்தில் சொல்லும் இடத்தில், மண்டபத்தில் வேறு எவரும் சிரிக்குமுன் ஒருவர் சிரிக்கிறார். லைற் அவர் பக்கம் திரும்புகிறது. ஆங்கிலம் தெரியாத என் அப்பா. காது தொங்கியதற்குத்தான் சிரிக்கிறார் என்று மேடையில் நின்ற நான் நினைத்தேன். அதை ஒரு கையால் நிமிர்த்திவிட்டு அடுத்த வரியைச் சொன்னேன்.