பீரங்கிக் குண்டுக்குப் பொட்டு

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் நின்றவன் நான். மனைவி கம்ப்யூட்டர் படித்தவள். அவள் வேலைக்காகத்தான் அமெரிக்காவில் பிளானோவுக்கு வந்தோம். அங்கேயும் எனக்கு ஒரு பட்டறை கிடைத்தது. கூடவே பீரங்கிகளின் பழைய பயிற்சிக் குண்டுகளைச் சேர்க்கும் பைத்தியமும் பிடித்தது. சிப்பாய்கள் பீரங்கியில் குண்டு ஏற்றிப் பழகுவதற்கென்றே செய்தவை அவை. உள்ளே மருந்து கிடையாது. இல்லாவிட்டால் என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி கிட்டேயே போயிருக்க மாட்டான்.

மருந்து இல்லை என்று பார்த்ததுமே தெரிவதற்காகப் பித்தளை உறையின் பக்கவாட்டில் துளை போட்டிருப்பார்கள். துளை இல்லாததைத் தொடுவதே இல்லை என்று வைத்திருந்தேன்.

ஒரு ஆயுதபூஜை காலை. பக்கத்தில் ஒரு வீட்டில் பழைய சாமான் விற்றார்கள். ஸ்பானர்களோடு ஒரே பெட்டியில், கம்பளியில் சுற்றிய குண்டு ஒன்று. பயிற்சிக் குண்டுதான் என்றாள் விற்றவள். வேலைக்கு நேரமாகிவிட்டதால் பிரித்துப் பார்க்காமலே பெட்டியை கராஜில் இறக்கினேன்.

"ஏங்க, இதுக்கெல்லாமும் பொட்டு வெச்சரட்டுங்களா?" என்றாள் மனைவி.

"எல்லாத்துக்கும் வை."

பட்டறையில் நாள் முழுக்க அதே நினைப்பு. பிரித்துப் பார்த்திருக்கலாமே, பார்த்திருக்கலாமே என்று. சாயங்காலம் கராஜ் கதவைத் தூக்கினேன். ஸ்பானர், டிரில், புல் வெட்டும் மிஷின் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக ஜொலித்தன. நடுவில் கம்பளி நீங்கி, முழங்கால் உயரத்தில் அது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். துளையே இல்லை.

"வெளிய வா! அடுப்பை அணைச்சுட்டு வா!"

"சுண்டல் தாளிச்சிட்டிருக்கேங்க."

"சுண்டலோடயே வா!"

வாணலியும் கையுமாகப் புல்வெளியில் வந்து நின்றாள். "காஸை மூடுனமான்னு நாலு தடவை எந்திரிச்சுப் பாக்கற ஆளு, குண்டை வாங்கி வீட்டுல வெச்சிருக்கீங்க. நல்லாருக்கு!"

எதிர்வீட்டு போனிலிருந்து, பீரங்கிப் படையில் இருந்து ரிடையரான ஒரு அமெரிக்கரைக் கூப்பிட்டேன். அவரும் என்னைப் போலச் சேர்ப்பவர். எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு வந்தார். எங்களை வெளியிலேயே நிறுத்திவிட்டு, டார்ச்சோடு தனியாக உள்ளே போனார். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இங்கே வா. யார் இந்தச் சிவப்புப் புள்ளி வைத்தது?" என்றார் ஆங்கிலத்தில்.

பல் குச்சியால் ஒரு பொட்டை நோண்டினார். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. எதிர்ப்பக்கத்துப் பொட்டையும் நோண்டி டார்ச் அடித்தார். வெளிச்சம் இந்தப் பக்கம் வந்து என் சட்டையில் விழுந்தது.

என் பின்னாலேயே உள்ளே வந்து நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாலு பக்கமும் ஓட்டை ஓட்டையா இருந்துச்சுங்க. பொட்டு வெக்க அதுவே தோதா இருந்துச்சு. சந்தனத்தை அப்பி விட்டேன். எல்லாத்துக்கும் வையின்னு நீங்கதான சொன்னீங்க?"

மீதி இரண்டு துளைகளையும் நானே நோண்டிப் பார்த்த பிறகுதான் அவளை வீட்டுக்குள் விட்டேன். அதற்குள் ஆறிப்போன சுண்டலில் பாதியை, புல்வெளியில் நின்றபடியே அவர் காலி பண்ணியிருந்தார்.