அலுமாரிக்கு மேல் ஒரு பார்சல்

என் அறையில் அலுமாரிக்கு மேல் ஒரு பார்சல் இருக்கிறது. கறுப்புப் பொலித்தீன் உறை, அதன் மேல் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள், தாளில் நீல மையில் 'சப்பாத்து, கறுப்பு, அளவு ஐந்து' என்று என் கையெழுத்து. அடுப்புப் புகை படிந்து அந்த வெள்ளைத் தாள் சாயத்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. அனுப்பி ஐந்து வருடமாகியும் அதை யாரும் பிரிக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் தோழி ஒருநாள் அதை இறக்கிக் குலுக்கிப் பார்த்து, "சும்மா கெடக்குதே, எனக்கும் அஞ்சுதான், பிரிக்கவா?" என்று கேட்டாள். நான் கத்திய கத்தலில் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பார்சலை அனுப்பியவள் நான். அது வந்து சேரவில்லை என்று சொன்ன பிள்ளையைத் திருடி என்று ஊருக்கு அறிவித்தவளும் நானே. அந்தப் பிள்ளையின் தாய் இரத்த உறவில் எனக்கு ஒன்றுமில்லை. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவர். ஒரே சுவர், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர். அத்தை என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தேன். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போன முதல் நாள் மழை வானத்தைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. குடையில் மூன்று கம்பி முறிந்திருந்தது. அத்தை மலைக்குப் போக நின்றவர், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து என் புத்தகப் பையைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். அன்று முழுக்க இடுப்புக்குக் கீழே நனைந்தபடியே கொழுந்து பறித்திருப்பார். திரும்பி வந்ததும் பரீட்சை எப்படி என்று கேட்டாரே தவிர, சாக்கைக் கேட்கவில்லை.

கண்டியில் எனக்குக் கிடைத்த வேலை, இணையத்தில் உடுப்பும் சப்பாத்தும் விற்கும் ஒரு கடையில். முதலாளி மடவளைக்காரர். நாங்கள் எல்லாரும் ஹாஜியார் என்போம். பார்சல் வரவில்லை என்று முறைப்பாடு செய்கிறவர்களைக் கவனிக்கும் மேசை என்னுடையது. உண்மையிலேயே வராதவர்களும் இருந்தார்கள். ஆனால் வந்ததை வாங்கி, உடுத்தி, கல்யாண வீட்டுக்கும் போய்ப் படம் எடுத்துவிட்டு, 'இன்னும் கிடைக்கவில்லை' என்று அழுகிறவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். முறைப்பாடு வந்து நாலைந்து நாள் பேசாமல் இருப்பேன். பிறகு வேறொரு இலக்கத்திலிருந்து, தேன் ஒழுகும் குரலில், "கண்டியில இருந்து கதைக்கிறோம், எங்கட சப்பாத்து அளவு சரியா இருந்துச்சா?" என்பேன். சொன்ன பொய் அதற்குள் மறந்து போயிருக்கும். பேராதனைப் பக்கத்துக் கனவான் ஒருவர், "கொஞ்சம் இறுக்கம் மிஸ், மாத்தித் தருவீங்களா?" என்றே கேட்டார். அலுவலகமே சிரித்தது. பிடிபட்டவர்களின் பெயரையும் முகப்புப் படத்தையும் எங்கள் பக்கத்தில் 'இவர்களுக்குப் பார்சல் கிடைப்பதே இல்லை' என்ற தலைப்பில் போடுவேன். அந்தத் தலைப்பு என் சொந்தச் சரக்கு. ஆயிரம் பேர் பகிர்ந்து சிரிப்பார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

நான் மறைத்தது வேறு. சேர்ந்த முதல் வாரத்தில் பக்கத்து மேசைப் பெண், தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைத்த வாடிக்கையாளர் ஒருவரின் பேச்சைக் கேட்டுவிட்டு, "சரியான தோட்டக்காடு" என்று மூக்கைச் சுளித்தாள். அதே மாலை என் ஊர் எது என்று அவள் கேட்டபோது, தெல்தெனிய என்று சொல்லிவிட்டேன். பஸ் அந்த வழியாகத்தானே வருகிறது, முழுப்பொய் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 'ங்க' போட்டுப் பேசுகிற வழக்கத்தை ஒரே மாதத்தில் நாக்கிலிருந்து சுரண்டி எடுத்தேன். லயத்திலும், கண்டியில் ஒரு ஆபீஸில் வேலை என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அத்தையின் மகள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். மாணவத் தலைவியாகத் தெரிவாகி, சின்னமும் குத்தியாகிவிட்டது. பரிசளிப்பு விழாவில் மேடையேற வேண்டும் என்று கறுப்புச் சப்பாத்துக்கு எங்கள் கடையில் முன்கூட்டியே பணம் கட்டியிருந்தார்கள். பெயரையும் முகவரியையும் பார்த்ததுமே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டுத்தாளை நானே எழுதினேன். நல்ல சோடியாகப் பார்த்துத்தான் எடுத்து வைத்தேன். விழா முடிந்து மூன்றாம் நாள் பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது: 'மிஸ், சப்பாத்து இன்னும் வரவில்லை. விழாவுக்குச் செருப்போடு போனேன்.' கணினியைப் பார்த்தேன். பார்சல் ஒப்படைக்கப்பட்டது என்று இருந்தது. கீழே கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து.

எங்கள் லயங்களுக்கு இலக்கம் கிடையாது. மேல் பிரிவுக்கு மோட்டார் சைக்கிள் ஏறாது. பார்சல் கொண்டு வருகிறவர்கள் கீழே சந்திக் கடையில் எறிந்துவிட்டு, தாங்களே கிறுக்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போவார்கள். கண்டி அலுவலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு வந்த கடிதங்களையே அந்தக் கடையில் சீனி மூட்டைக்குப் பின்னாலிருந்து தேடி எடுத்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. மற்ற எல்லா முறைப்பாடுகளையும் போலவே இதற்கும் நாலு நாள் விட்டு அழைப்பு எடுத்தேன்.

நண்பகல், கொழுந்து நிறுக்கும் நேரம். பாடசாலைக்குத் தொலைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் அது அத்தையிடம் இருந்தது. ஹாஜியார் என் எதிர்க் கதிரையில் தேநீரோடு இருந்தார். அவரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டேன். "நீங்க எங்ககிட்ட வாங்கின சப்பாத்து அளவு சரியா இருந்துச்சா?" அந்தப் பக்கம் கணக்கப்பிள்ளை யாரையோ ஏசுவது கேட்டது. பிறகு அத்தையின் குரல், மூச்சு வாங்க. "ஆமாங்க மிஸ்." இறுக்கம் ஒன்றும் இல்லையா என்றேன். "இல்லீங்க மிஸ். எல்லாம் சரிங்க. ரொம்ப நல்லதுங்க."

ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயதில் பெரியதுரை லயம் பார்க்க வந்தார். எங்கள் கூரை நாலு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா தண்ணீர் ஏந்தியிருந்த வாளியைச் சேலையால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கூரை எல்லாம் சரியா என்று துரை கேட்டதற்கு, "எல்லாம் சரிங்க தொரை" என்றார். துரை போன பிறகு, ஏன்மா பொய் சொன்னே என்று கேட்டேன். "ஆபீஸ்காரங்க கேட்டா சரின்னுதான்டி சொல்லணும். இல்லன்னு சொன்னா நின்னு கேக்கவா போறாங்க?" என்றார். அலுவலகத்துக் குரல் எதைக் கேட்டாலும் எங்கள் வாயில் முதலில் வருவது அதுதான். அத்தைக்குக் கால் அளவும் தெரியாது, சப்பாத்தும் தெரியாது. கேட்டது அலுவலகம், அவ்வளவுதான்.

ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார். "புள்ள, இந்த மனிசி பயத்துல செல்ற மாதிரி ஈக்கிது. தோட்டத்து ஆக்கள் இப்படிக் களவெடுக்க மாட்டாங்க. விடு, இன்னொரு சோடி அனுப்பிப் போடு."

அங்கே முடிந்திருக்க வேண்டிய விஷயம். பக்கத்து மேசைப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குத் தெரியாது ஹாஜியார்," என்றேன். "அங்க உள்ள ஆக்கள நம்ப ஏலாது."

அன்று பின்னேரமே படத்தைப் போட்டேன். கணக்கு மகளின் பெயரில் இருந்ததால் முகப்புப் படமும் அவளுடையது. வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், நெஞ்சில் அந்தச் சின்னம். நூறு கருத்துகள் வந்தன. 'படிக்கிற வயசில் களவு' என்று ஒருவர். 'சின்னத்தையும் களவெடுத்ததோ' என்று இன்னொருவர். அதற்கு நான் சிரிக்கிற முகம் ஒன்று போட்டேன். அடுத்த வாரம் அதிபர் அவளைக் கூப்பிட்டு, விஷயம் தெளிவாகும் வரைக்கும் என்று சொல்லிச் சின்னத்தைக் கழற்றி வாங்கிவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியம் பண்ண நான் தயாரில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு செய்தி. சந்திக் கடைக்காரர் தாயின் சாவுக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர், திரும்பி வந்து சாமான் ஒதுக்கும்போது பார்சல் அகப்பட்டதாம். 'இன்றுதான் கிடைத்தது மிஸ். தயவுசெய்து என் படத்தை எடுத்துவிடுங்கள்.' நான் முதல் வரியை மட்டும் வெட்டி, அந்தப் படத்துக்குக் கீழேயே ஒட்டி, 'ஒருவழியாக ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், இத்தனை முறைப்பாட்டில் என் மனசு தேய்ந்துவிட்டது என்று பிற்பாடு ஒருத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். பொய். தேயவெல்லாம் இல்லை. பிழை என்னுடையது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்ற பயம்தான். நோன்பு நெருங்கியபோது ஹாஜியார், "அந்தப் படங்கள் எல்லாத்தையும் எடுத்துப் போடு புள்ள, நமக்கு அந்தப் பாவம் வாணாம்" என்றார். எடுத்தேன். ஊரார் தொலைபேசிகளில் இருந்ததை யார் எடுப்பது?

அடுத்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு லயத்துக்குப் போனேன். அத்தை என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார். அடுப்புக்கு மேலே ஆணியில் அந்தக் கறுப்புப் பை தொங்கியது. மகள் எங்கே என்று கேட்டேன். பரீட்சை எழுதாமலே நின்றுவிட்டாளாம், கொழும்புப் பக்கம் கார்மெண்ட் ஒன்றில் இருக்கிறாளாம். "புள்ளைங்க எல்லாம் பேச்சு. களவாணி, களவாணின்னு. எத்தன நாளைக்குத்தான் கேக்கும்?" என்றார்.

பிறகு பையைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, என் மடியில் வைத்தார். "நாங்க பிரிக்கலடி. பிரிச்சுப் போட்டுக்கிட்டா களவெடுத்தது நெசமாயிருமில்ல? நீ கண்டியிலதானே இருக்க. அந்தக் கம்பனி மிஸ் கையிலயே குடுத்துரு. ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்குன்னு காட்டு." ஒட்டுத்தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார். "அந்த மிஸ் கொரலு ஒன் கொரலாட்டமே இருந்துச்சுடி. மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பறம் நெனச்சேன், நம்ம புள்ளையா இருந்தா அத்தைன்னு கூப்புட்டிருக்குமேன்னு."

"சரிங்கத்தை," என்றேன்.

இன்று அந்த மேசைக்கு நான்தான் பொறுப்பு. எனக்குக் கீழே இரண்டு பெண்கள். அளவு சரியா என்று கேட்கும் அந்த வழியை அவர்களுக்கும் பழக்கி வைத்திருக்கிறேன், நன்றாகவே பிடிக்கிறார்கள். தோட்டத்து முகவரி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

போன தீபாவளிக்கு அத்தை அழைப்பு எடுத்தார். கட்டிலில் சாய்ந்தபடி பேசினேன். அங்கிருந்து பார்த்தால் அலுமாரியும் அதன் மேலிருக்கும் பார்சலும் நேரே தெரியும். சுகம் விசாரித்து முடித்துவிட்டு, ஒவ்வொரு வருடமும் கேட்பதையே கேட்டார்.

"அந்த மிஸ்ஸுகிட்ட குடுத்துட்டதானே?"

"குடுத்தாச்சு அத்தை. அவங்க கையிலதான் இருக்கு."

"பாத்துட்டு ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லத்தை," என்றேன். "இன்னும் ஒண்ணும் சொல்லல."