லாரி எலக்ட்ரீஷியனும் நான்கு சோலார் பலகைகளும்

கயத்தாற்றில் லாரிகள் நிற்கும் இடத்தில் தேவஆசீர்வாதத்தைத் தெரியாத டிரைவர் கிடையாது. ஹாரன் அடிக்காத வண்டி, அடித்தால் நிற்காத வண்டி, எல்லாம் அவரிடம்தான் வரும். கைராசிக்காரர், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. தான் தொட்டு ஓடாத வண்டியை இரும்புக்கடைக்குத்தான் போட வேண்டும் என்பார். நான் பசுவந்தனைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவர் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் அவரைப் பார்க்காமல் இருக்க முடியாது.

எண்பத்தேழில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு, வெயிலில் ஓடும் ஒரு குட்டி பிரிட்ஜை மிஷன்காரர்கள் அனுப்பினார்கள். ஊரில் கரண்ட் இருந்தது. மத்தியானம் போனால் எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. போலியோ சொட்டு மருந்தோ சூடு பட்டால் வெறும் தண்ணீர். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் மருந்து வரும். பெட்டியில் ஐஸ் உருகியிருந்தால் நர்ஸ் மிக்கேலம்மாள் அத்தனையையும் கொட்டிவிடுவார். தாய்மார்கள் திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

வயர் இழுக்க தேவஆசீர்வாதத்தைக் கூப்பிட்டேன். கூலி வேண்டாம் என்றார். அவர் மகள் சந்தனமேரிக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. எங்கள் ஊரில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார். அப்போது அவள் நிறைமாதம். பேரப்பிள்ளைக்கு நல்ல மருந்து விழ வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு நினைப்பே இல்லை.

மச்சில் நான்கு சோலார் பலகைகள். ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து ஒரு சின்னப் பெட்டிக்குக் கொண்டுவந்தார். பேட்டரிக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற பெட்டி அது. லாரி டைனமோவுக்கு இருப்பது போல இதுவும் ஒரு 'கட்டவுட்'டுதான் என்றார். எல்லாம் முடிந்தபின் ஒரு வயர் லொடலொடவென்று ஆடியது. லாரியில் எதில் கை வைப்பதானாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். வண்டி செத்துவிடும், பயமில்லை. முப்பது வருஷப் பழக்கம். அதையே இங்கும் செய்தார். பங்குனி வெயில் பலகையில் கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த கரண்டுக்குப் போக இடமில்லாமல், பெட்டி புகைந்து கருகிவிட்டது.

மாற்றுப் பெட்டி வர மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. கூடவே கடிதம்: இதுவும் கெட்டால் பிரிட்ஜை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவோம். இதற்குள் பேரன் பிறந்துவிட்டான். தேவஆசீர்வாதம் பெருமையடிப்பதையே விட்டுவிட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியோடு வந்த ஆங்கிலத் தாளை எனக்குத் தெரிந்தவரை வாசித்துச் சொன்னேன். பலகையை மூடிவிட்டு வேலை பார்க்க வேண்டும். மாட்டும்போது முதலில் பேட்டரி, கடைசியில் பலகை. கழற்றும்போது முதலில் பலகை. பத்துத் தடவை திருப்பிக் கேட்டார்.

ஆடி மாதம். எங்கள் கரிசலில் ஆடிக் காற்று ஆளைத் தள்ளும். இரண்டு படுதாக்களால் பலகைகளை மூடி, செங்கல் வைத்தோம். மச்சு அறைக்குள் பேட்டரியைப் பெட்டியோடு மாட்டினார். அடுத்து பலகை வயர். ப்ளஸ்ஸை முறுக்கிவிட்டு மைனஸைப் பாதி நுழைத்திருப்பார். ஒரு படுதா செங்கலோடு பறந்து தெருவில் விழுந்தது. வயர் நுனியில் படபடவென்று பொறி பறந்தது. என் கை தானாகப் பேட்டரி வயருக்குப் போனது. அவரோடு பழகிய புத்தி.

"கம்பவுண்டர், பேட்டரியைத் தொடாதீரும். அப்படியே நில்லும்."

அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மைனஸ் வயரை வெளியே உருவினார். வெளியே ஓடி, இடுப்பில் கட்டியிருந்த லுங்கிச் சாரத்தை அவிழ்த்து, திறந்துபோன இரண்டு பலகையின் மேலும் விரித்தார். போதவில்லை. என் மேல்துண்டையும் பிடுங்கிப் போட்டு, நாலு மூலைக்கும் கல் வைத்தார். பட்டாபட்டி டவுசரோடு வந்து வயரை மறுபடி நுழைத்து நிதானமாக முறுக்கினார். சத்தம் கேட்டு மாடியேறிய மிக்கேலம்மாள் வந்த வேகத்தில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு மூடியாக எடுக்க எடுக்கப் பெட்டியின் முள் மெல்ல ஏறியது. கீழே பிரிட்ஜ் முனக ஆரம்பித்தது. டவுசர் கோலத்தைப் பற்றி ஒரு வாரம் அவரைப் பாடாய்ப் படுத்தினேன். பெரிய மனது பண்ணிச் சிரித்தார்.

அடுத்த புதன்கிழமை சொட்டு மருந்து முகாம். ஐம்பது, அறுபது பிள்ளைகள். கடையைப் பூட்டிவிட்டு, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். மகளை முன்னால் கூப்பிட்டார். எல்லாரையும் போல வரிசையில்தான் வருவேன் என்றுவிட்டாள். முறை வந்ததும் காலை இழுத்து இழுத்து நடந்து பிள்ளையை நீட்டினாள். மிக்கேலம்மாள் மருந்தை விட்டார். பயல் அத்தனையையும் துப்பிவிட்டான்.

"இன்னும் இருக்கு. நல்ல குளுமையா இருக்கு" என்று மிக்கேலம்மாள் மறுபடி விட்டார். இந்தத் தடவை விழுங்கிவிட்டான். திரும்பிப் பார்த்தேன். தேவஆசீர்வாதம் அத்தனை பேர் நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் நான் அவரைக் கேலி செய்யவில்லை.