சைத்தானுக்குக் கூடப்பிறந்தவள்

பணத்தை வாரி இறைக்கிறவர்கள் சைத்தானுக்குக் கூடப்பிறந்தவர்கள் என்று எங்கள் மார்க்கத்தில் சொல்வார்கள். நான் வாழ்க்கைப்பட்ட பாகாலாவில் என் மாமியார் அதை என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் வாங்கியது நகையல்ல, பட்டல்ல. இறந்துபோன என் மகளுக்குக் கவுன்.

ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனாள். அடக்கிவிட்டு வந்து, "சபுர் செய்" என்றார்கள், பொறுமையாயிரு என்று. இருந்தேன். பிறகு ஒரு நாள் ரயிலேறித் திருப்பதி போய் ஒரு ஜவுளிக்கடையில் நின்றேன். "பாபகு என்னேள்ளம்மா?" என்று கடைக்காரர் தெலுங்கில் வயது கேட்டார். "ரெண்டு" என்றேன். எங்கள் வீட்டுத் தமிழில் அவள் செத்திருந்தாள். அந்தக் கடையில் வளர்ந்துகொண்டிருந்தாள். போகும்போதெல்லாம் கொஞ்சம் பெரிய அளவாக வாங்கினேன்.

அரிசிக் காசும் அதில் போயிற்று, பொய் சொல்ல மாட்டேன். என் மனசுக்கு நோய். ஓதி ஊதினார்கள், தாயத்துக் கட்டினார்கள். நோய் என்று மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை, பாவம் செய்கிறாள் என்றார்கள். அதே வீட்டில் கொழுந்தன் மகன் சுன்னத்துக்குக் கடன் வாங்கி பேண்டு வைத்தார்கள். அது வீண்விரயம் இல்லையாம்! அல்லா என்னிடம் கணக்குக் கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லைத் தகராறு ஓடிக்கொண்டிருந்த சமயம். என் தாய்வீடு இருந்த திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகும் என்று பேச்சு.

"கவுனைத் திருப்பிக் குடுத்துட்டு பணத்தை வாங்கினு வா. இல்லன்னா இவளைத் திருத்தணியில வுட்டுட்டு வா. போற ஊரோட இவளும் போவட்டும்" என்று மாமியார் மகனிடம் சொன்னார்.

"கவுன் வாங்கறது வீணுன்னா, அவளைப் பெத்ததும் வீணா மாமி?" என்றேன்.

என் கணவர் மகளைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் கவுனை எடுத்துக்கொண்டு என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"சரிபோலேதா?" என்றார் கடைக்காரர். அளவு சரியில்லையா என்று கேட்கிறார்.

என் கணவர் கவுனை விரித்துப் பார்த்தார். "பெரிகே பில்ல. கொஞ்செம் பெத்ததி இவ்வண்டி" என்றார். வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகக் கொடுங்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. படியிறங்கியதும் தெருவென்றும் பார்க்காமல் கேட்டேன்: "இத்தினி நாளா இந்தப் பேச்சை எங்க வெச்சினு இருந்தீங்க?"